எதிர்க்காற்றில் பாய் ஓடுவது எப்படி?

வெயில் ஏறிக் காசிமேட்டு மணல் கொதித்ததும், கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று கிளம்பும். கட்டுமரத்தில் பாய் விரித்த காலத்தில் கணக்கு எளிது: விடியுமுன் கரைக்காற்றில் வெளியே போவது, மதியம் கடற்காற்றில் திரும்புவது. பாய்ப்படகு பழக வருகிறவர்களோ பத்து மணிக்குமேல்தான் கூடுவார்கள். அதற்குள் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று முகத்தில் அடிக்கும். அதை வைத்துக்கொண்டுதான் கடலுக்குள் போகவேண்டும்.

முடியும், ஆனால் நேரே அல்ல. காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகை, சிறுபடகு நுழைய முடியாத இடம். அதன் விளிம்பில் வலமும் இடமுமாக மாறிமாறி ஏறவேண்டும்.

வளைந்த பாயின் புடைத்த பக்கத்தில் காற்றழுத்தம் குறைகிறது; படகு அந்தப் பக்கம் இழுபடுகிறது. இழுப்பில் பெரும்பங்கு பக்கவாட்டில், கொஞ்சம்தான் முன்னே. பக்கவாட்டுப் பங்கைத் தடுப்பது படகின் நடுப்பிளவில் நீருக்குள் இறக்கும் பலகை. கட்டுமரத்தில் பக்கத்தில் இறக்கிய பலகைக்கும் இதே வேலைதான். ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் பிதுக்கினால் தெறிக்குமே, அப்படித்தான் பாய்க்கும் பலகைக்கும் நடுவே படகு முன்னே பிதுங்குகிறது. பலகையை இறக்க மறந்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் கரைக்கே வந்து சேரலாம்.

பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றுக்குப் பழைய பாய்மரக்காரர் சொல் தாமான். பாயின் முன்விளிம்பு படபடக்கும்வரை தளர்த்துங்கள். படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். புதியவர்கள் இறுக்கிப் பிடிப்பார்கள். அப்போது காற்றோட்டம் பாயைவிட்டுப் பிரிந்து, படகு சாயும், வேகமோ வராது.

திசை மாற்ற, சுக்கான்பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளவேண்டும். வேகமில்லாமல் திருப்பினால் மூக்கு காற்றிலேயே மாட்டிக்கொள்ளும். பாயின் கீழ்க்கழியைக் கையால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் படகு பின்வாங்கி மூக்கு விலகும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 10 நாட் (மணிக்குப் பத்துக் கடல்மைல்) வேகம் 14 ஆனால் பாயில் ஏறும் பாரம் இரட்டிப்பு. சிறுவர் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம், 35 கிலோதான். ஆள் விளிம்பில் உட்கார்ந்து எடைகொடுக்காவிட்டால் கவிழ்ந்துவிடும். சாயத் தொடங்கியதுமே தாமானை விடுங்கள். கவிழ்ந்தால் படகைவிட்டு நீந்தக்கூடாது. நீட்டிய பலகையில் ஏறி நின்றால் நிமிரும்.

அலைதடுப்புக் கற்களுக்குப் பக்கத்தில் போகவேண்டாம். மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் கலந்து தண்ணீர் கண்டபடி குதிக்கும்.

திரும்பும்போது காற்று முதுகில், சுகமாகத் தோன்றும். ஆனால் படகு கொஞ்சம் தடம் மாறினாலும் கீழ்க்கழி சட்டென்று மறுபக்கம் வீசும். தலையைக் குனிந்தே வையுங்கள். ஆழம் குறைந்ததும் பலகையைத் தூக்கிவிடுங்கள், மணலில் குத்தினால் பிளவோரம் விரியும்.