கூடாரத்தில் படுத்துத் தூங்கிய கரடி

1942-இல் ஈரானின் ஹமதான் பக்கம், சோவியத் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டு வந்த போலந்து வீரர்களின் கையில் தாயில்லாத ஒரு பழுப்புக் கரடிக்குட்டி வந்து சேர்ந்தது. டின் பாலைக் கரைத்து, பழைய வோட்கா பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து வளர்த்தார்கள். பெயர் வோய்டெக். 1944-இல் எகிப்திலிருந்து இத்தாலிக்குக் கப்பல் ஏறும்போது சிக்கல் வந்ததும், அதையும் ஒரு படைவீரனாகவே பதிவேட்டில் எழுதிக் கூட்டிப்போனார்கள். இந்தக் கதை பலருக்குத் தெரியும். காட்டில் தனியாகத் திரிய வேண்டிய விலங்கு, நன்றாக வளர்ந்த பிறகும் ஏன் மனிதர்களோடேயே ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

முதலில் வயசு. பழுப்புக் கரடிக்குட்டி குளிர்காலத்தில் குகைக்குள் பிறக்கும்போது கண்கூடத் திறந்திருக்காது, எடை சுமார் அரைக் கிலோதான். அப்புறம் இரண்டு, மூன்று வருஷம் தாயை விட்டு நகராது, எதைத் தின்பது, எதைக் கண்டு ஓடுவது, யாரோடு கட்டிப் புரள்வது எல்லாம் அப்போதுதான் படியும். முட்டையிலிருந்து வந்த வாத்துக்குஞ்சு முதலில் கண்ட உருவத்தின் பின்னாலேயே போவதை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் விளக்கினார் இல்லையா, பாலூட்டிகளிடம் அது அவ்வளவு கறாராக நடப்பதில்லை. ஆனாலும் பயம் வேர்விடுவதற்கு முன்னால் யார் பால் கொடுத்தார்களோ, யாருடைய உடம்புச் சூட்டில் தூங்கியதோ, அவர்களின் வாசனையும் குரலும் ‘நம்ம ஆள்’ என்று பதிந்துவிடும்.

அடுத்தது தீனி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கரடிகள் தள்ளித் தள்ளி வாழ்வதற்குப் பெரிய காரணம், காட்டில் உணவு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பது. சால்மன் மீன்கள் ஏறிவரும் அலாஸ்கா ஆறுகளில் அதே கரடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் பிடிக்கும். ராணுவ முகாம் வோய்டெக்குக்கு வற்றாத சால்மன் ஆறு மாதிரிதான், பழமும் தேனும் பீரும் கிடைத்துக்கொண்டே இருந்தன.

சரி, வீரர்கள்? பெரிய தலை, உருண்டை முகம், குட்டிக் கைகால் கண்டால் மனிதருக்குள் தூக்கி வளர்க்கும் உணர்வு எழும் என்று அதே லோரன்ஸ் 1943-இல் எழுதினார். வீடும் குடும்பமும் சிதறிப்போன ஆண்கள் கையில் அப்படியொரு குட்டி கிடைத்தால் வேறென்ன நடக்கும்!

இதற்காக வோய்டெக்கை வளர்ப்பு மிருகம் என்று சொல்லிவிட முடியாது. பழகுவது ஓர் உயிருக்குள் நடப்பது. நாய்க்கோ அது தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் ஊறியது. 2015-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில், நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தபோது இருவருக்கும் பாசப்பிணைப்போடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ஏறியது, மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது காணப்படவில்லை.

1944 மே மாதம், இத்தாலியில் நடந்த மான்டே காசினோ போரில் வோய்டெக் குண்டுப்பெட்டிகளைத் தூக்கிவந்ததாக அந்தப் பிரிவினர் சொன்னார்கள், குண்டு சுமக்கும் கரடியையே தங்கள் சின்னமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு அது போரா என்ன? கூட இருப்பவர்கள் செய்வதைத் தானும் செய்தது, அவ்வளவுதான்.

போர் முடிந்ததும் அதைக் காட்டில் விட வழியில்லை. இரை தேடத் தெரியாது, மனிதரைக் கண்டால் ஓடாமல் நேராக வந்து நிற்கும். 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விலங்குக்காட்சிச்சாலைக்குப் போய், 1963-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தது. பழைய தோழர்கள் வந்து போலிஷ் மொழியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அவர்கள் எறியும் சிகரெட்டை, பற்றவைக்க ஆளில்லாததால், அப்படியே மென்று தின்றுவிடும்.