கல்லடி டிஷ்ஷும் நிலவுக்குப் போன செய்மதியும்

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஏ/எல் கணிதம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "எங்கட மாடியில அப்பா பூட்டின பெரிய டிஷ் ஒண்டு கடல் பக்கமா அண்ணாந்து நிக்குது. அங்க என்ன இருக்கு?"

பெரிய சி-பாண்ட் (செய்மதி அலைவரிசை ஒன்று) டிஷ் என்றால், அது ஆசியாசட் கம்பனியின் செய்மதிக்காகப் பூட்டியதாக இருக்கலாம். மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால், செய்மதி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். இது பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். ஆசியாசட்டின் முக்கிய இடம் கிழக்கு நெடுங்கோடு 105.5 பாகை. மட்டக்களப்பு 81.7இல் இருக்கிறது. அதனால்தான் டிஷ் கடலைப் பார்க்கிறது.

1988இல் ஹொங்கொங்கில் தொடங்கிய இந்தக் கம்பனியின் முதல் செய்மதியே பழையதுதான். 1984 பெப்ரவரியில் பாதை தவறிப்போன வெஸ்டார் 6ஐ, அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் போனவர்கள் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் திருத்தி, 1990 ஏப்ரலில் சீன ரொக்கெட்டில் ஆசியாசட் 1 ஆக ஏவினார்கள். அடுத்த ஆண்டே ஸ்டார் டிவி அதில் ஏறியது. கம்பனி வளர்ந்தது.

எனக்குப் பிடித்த கதை ஆசியாசட் 3. 1997 நத்தார் தினத்தன்று ரொக்கெட்டின் கடைசிக் கட்டம் சரியாக எரியவில்லை. செய்மதியின் பாதை மத்திய கோட்டிலிருந்து 51 பாகை சரிந்து கிடந்தது. காப்புறுதிப் பணம் கிடைத்ததால் கம்பனி 1999இல் புதிதாக ஒன்றை அனுப்பிவிட்டது. பழையதைக் கைவிட மனமில்லாத ஹியூஸ், அதாவது அதைச் செய்த நிறுவனம், பொறுப்பேற்றது.

சரிவை நிமிர்த்த அங்கேயே எரிபொருளை எரித்தால் போதாமல் போய்விடும். கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வேகமாக இறங்கும்போது பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிப் பாருங்கள், முடியாது. வேகம் தணிந்தால் சும்மா கைபிடியைச் சாய்த்தாலே போதும். செய்மதியும் அப்படித்தான். பூமிக்குப் பக்கத்தில் அதன் வேகம் செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றர். மேலே எறிந்த பந்து தளர்வதுபோல, நிலவின் தூரத்துக்குப் போகும்போது அது செக்கனுக்கு 200 மீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். அந்த இடத்தில் நிலவின் ஈர்ப்பே பாதையைத் திருப்பிவிடும், எரிபொருள் செலவில்லாமல்! அவ்வளவு தூரம் போக, பூமிக்கு அருகே வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து உந்தினார்கள். 1998 மே 13இல் நிலவின் தரையிலிருந்து 6,200 கிலோமீற்றரில் கடந்தது. ஜூனில் இன்னொரு முறை. சரிவு பத்துப் பாகைக்குக் கீழே வந்தது.

சந்திராஷ்டமம் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடும் வீடுகள் நம்மூரில் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு நிலவின் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கிழக்கின் பள்ளிக்கூடங்களுக்குத் தொலைநோக்கி வாங்கக் காசு ஒதுக்குவதும் வீண் செலவில்லை.

தங்கச்சி, மார்ச் 17ஐ ஒட்டிய நாட்களில் காலை பத்தேகால் மணியளவில் மாடிக்கு ஏறுங்கள். அப்போது சூரியன் அந்தச் செய்மதியின் திசையில் நிற்கும். டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்என்பியின் (அலையை வாங்கும் கருவி) நிழல் டிஷ்ஷின் நடுவில் விழுந்தால், உங்கள் அப்பா திருப்பி வைத்தது 105.5ஐ நோக்கித்தான்.