கடற்பசுக் காப்பகத்தில் வலை வீசலாமா?

வீசலாம். தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள மல்லிப்பட்டினம் பக்கம் எவருக்கும் எழும் முதல் சந்தேகம் இதுதான் என்பதால், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் இது. காவிரிப் பாசனத்தின் கடைமடையான பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரக் கரையை ஒட்டிய கடலும், அதற்குத் தெற்கே புதுக்கோட்டை மாவட்டக் கடலும் இதில் அடங்கும். அதிராம்பட்டினத்தில் தொடங்கி அம்மாபட்டினம் வரை போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோடியக்கரையைப் பார்த்தவர்களுக்குச் சரணாலயம் என்றால் என்ன கெடுபிடி என்று தெரியும். அங்கே உள்ளே நுழையவே அனுமதி வேண்டும். ஆனால் இது சரணாலயம் இல்லை. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-அ பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பகம். சரணாலயத்துக்கு உரிய விதிகளில் சில மட்டுமே இதற்குப் பொருந்தும். வெடியோ நஞ்சோ ரசாயனமோ பயன்படுத்தக் கூடாது. காட்டுயிர் இறந்து கிடப்பதைக் கண்டால் தகவல் தர வேண்டும். வனத்துறையினர் வரும்வரை உடலைப் பாதுகாக்கவும் வேண்டும். குற்றத்தைத் தடுக்க அதிகாரிகள் உதவி கேட்டால் மறுக்கக் கூடாது. மீன்பிடிப்பை நிறுத்தும் பிரிவு இந்தப் பட்டியலில் இல்லை.

ஏற்கெனவே உள்ள மீன்வளச் சட்ட விதிகள் அப்படியே தொடர்கின்றன. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும், இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கான தடையும் காப்பகம் வருவதற்கு முன்பே இருந்தவை. அவற்றை இந்த அறிவிப்பின் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

நம் கரையில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. எழுபது வயது வரை வாழக்கூடியது. ஆனால் மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரே ஒரு குட்டி ஈனும். அதனால் ஒரு தாய் செத்தால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். தமிழ்நாட்டுக் கடலில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 என்று அரசு மதிப்பிட்டது. காப்பகத்துக்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருப்பதாகவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. இறாலும் நண்டும் பல மீன்களும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்வது இந்தப் புல்லில்தான். கடலடியை உரசிக்கொண்டு இழுக்கப்படும் இழுவை மடி அதை வேரோடு பறித்துப் போட்டால் நட்டம் ஆவுளியாவுக்கு மட்டுமில்லை, கரையோரம் வலை விடும் நாட்டுப்படகுக்காரருக்கும்தான்.

இந்தக் கணக்குகளுக்குப் பின்னால் ஓர் ஆய்வு வலையமைப்பே இருக்கிறது. மத்திய அரசின் நிதியுதவியுடன் டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் 2016 முதல் தமிழ்நாடு, குஜராத், அந்தமான் கடல்களில் கடற்பசு மீட்புத் திட்டத்தை நடத்திவருகிறது. அந்த விஞ்ஞானிகள் தினமும் கடலில் இருக்க முடியாது; மீனவர்கள் இருக்கிறார்கள். எனவே மீனவர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்து, எந்த இடத்தில், என்றைக்கு ஆவுளியாவைக் கண்டார்கள் என்ற தகவலைப் பெறுகிறார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் இத்திட்டத்தில் சேர்ந்தது. இறந்து ஒதுங்கிய உடலும் ஆய்வுக்கு முக்கியம். வலையில் மூச்சுத் திணறியதா, படகு மோதியதா, நோயா என்பதை உடற்கூறாய்வு சொல்லிவிடும். பயந்துகொண்டு மணலில் புதைத்துவிட்டால் அந்த விவரமும் அதோடு புதைந்துவிடும்.

வலையில் சிக்கினால் என்ன செய்வது? ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும் பிராணி. நேரம்தான் அதற்கு உயிர். மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி பார்த்துக்கொண்டு வலையை அறுத்துவிடுங்கள். வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம், படகில் ஏற்றவும் வேண்டாம். கரைக்கு வந்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ரொக்கப் பரிசும் வழங்கிவந்திருக்கிறது. பரிசு நல்லதுதான், ஆனால் அறுத்த வலையின் விலை உடனே கைக்கு வந்தால்தான் அடுத்தவர் தயங்காமல் கத்தியை எடுப்பார் என்பது என் உறுதியான கருத்து.

வேண்டுமென்றே பிடிப்பதும் இறைச்சியை விற்பதும் வேறு கதை. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் கடற்பசு இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பலருக்குத் தெரியாத ஓர் உரிமையும் இருக்கிறது. அதே சட்டத்தின் 36-ஆ பிரிவின்படி காப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும். காப்பகம் எந்தெந்தக் கிராம ஊராட்சிகளின் எல்லையில் வருகிறதோ அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிரதிநிதி அதில் இருக்க வேண்டும். காப்பகத்தை எப்படிப் பேணுவது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை சொல்வது அந்தக் குழுவின் வேலை. அறுத்த வலைக்கான ஈடு, புல்வெளி மேல் மடி இழுப்போர் பற்றிய புகார், கடலில் எல்லையைக் காட்டும் அடையாளம் என எல்லாவற்றையும் எழுப்ப வேண்டிய இடம் அதுதான். உங்கள் ஊராட்சியின் சார்பில் அங்கே உட்காருபவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.