பூங்கோரை நீரில் ஆர்.என்.ஏ எடுப்பவர்களுக்கு

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் சில ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கடல் பச்சையாகத் திரளும். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். பெரும்பாலும் அது நாக்டிலுகா சிண்டிலன்ஸ் என்ற டைனோஃபிளாஜெல்லேட், அதாவது ஒரே செல் கொண்ட மிதவை உயிரி. 2008 அக்டோபரில் மீன்கள் செத்து ஒதுங்கின. 2019 செப்டம்பரில் சிங்கில் தீவுப் பக்கம் ஆக்சிஜன் குறைந்து பவளங்களும் மடிந்தன. அந்த நேரத்தில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க மாணவர்கள் முன்வருவது மகிழ்ச்சி. ஆனால் நெல்லுக்கும் ஈஸ்ட்டுக்கும் பழகிய முறையை அப்படியே இங்கே போட்டால் வரும் எண்களை நம்ப முடியாது.

பெரும்பாலான உயிரிகளில் ஒரு புரதம் கூட வேண்டுமென்றால் அதன் எம்.ஆர்.என்.ஏ (மரபணுவிலிருந்து புரதம் செய்யச் செய்தி கொண்டுபோகும் நகல்) கூடும். டைனோஃபிளாஜெல்லேட்டுகளோ பல மரபணுக்களில் எம்.ஆர்.என்.ஏவை அதிகம் மாற்றாமல், புரதம் தயாராகும் கட்டத்தில்தான் பிடியை வைத்திருக்கின்றன. லிங்குலோடினியம் என்ற இன்னொரு டைனோஃபிளாஜெல்லேட்டில் ஒளிர்வுக்கு உதவும் லூசிஃபெரின் பிணைப்புப் புரதம் பகலைவிட இரவில் சுமார் பத்து மடங்கு கூடுகிறது, அதன் எம்.ஆர்.என்.ஏ இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே அளவு. 1989-லேயே இது தெரிந்துவிட்டது. ஆகவே எம்.ஆர்.என்.ஏவை அளக்கும் பி.சி.ஆரில் மாற்றம் இல்லை என்பதை வைத்து "இந்த மரபணு வெப்பத்துக்கு அசையவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். மாதிரியில் ஒரு பங்கைப் புரதத்துக்கு ஒதுக்கி, புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டாவது செய்யுங்கள்.

நீர் எடுத்ததும் முதலில் நுண்ணோக்கி. நிறம் மாறிய நீரில் டிரைக்கோடெஸ்மியமும் இருக்கலாம், அது டைனோஃபிளாஜெல்லேட் அல்ல, சயனோபாக்டீரியா என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. நாக்டிலுகா அரை மில்லிமீட்டர் வாக்கில் குட்டி ஜவ்வரிசி போல வெறுங்கண்ணுக்கே தெரியும். இதை வடிகட்ட வெற்றிடப் பம்பு போட்டால் மெல்லிய செல் கிழிந்து ஆர்.என்.ஏ வடிநீரோடு போய்விடும். 200 மைக்ரான் வலையில் ஏந்தி, வடிகட்டிய கடல்நீரால் மெதுவாக அலசுங்கள். நன்னீர் பட்டால் வெடிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனுக்குள் போக வேண்டும். நாட்டுப்படகில் கலன் கொண்டுபோக முடியாதபோது நேராக ட்ரைசாலில் (செல்லைக் கரைத்து ஆர்.என்.ஏவைக் காக்கும் கரைசல்) போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். வாளியில் வைத்து வெயிலில் கரைக்குக் கொண்டுவந்தால் வாளியின் சூட்டைத்தான் அளப்பீர்கள். ஒப்பிடும் மாதிரிகள் எல்லாம் ஒரே மணிக்கு எடுத்தவையாக இருக்கட்டும்; காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே இந்தச் செல்களின் உள்கடிகாரமே நிறைய மாற்றிவிடும்.

செல்லுலோஸ் கவசத் தகடுள்ள டைனோஃபிளாஜெல்லேட் இனங்களுக்கு நேர்மாறான தொல்லை: உடையவே உடையாது. ஒரு மில்லி ட்ரைசாலில் அரை மில்லிமீட்டர் சிர்கோனியா மணிகளோடு ஒரு நிமிடம் குலுக்கி, ஒரு நிமிடம் ஐஸில் வைத்து, மூன்று முறை செய்யுங்கள். ஒரு சொட்டை எடுத்துப் பார்த்து, முழுச் செல் தெரிந்தால் இன்னொரு சுற்று. பிறகு 0.2 மில்லி குளோரோஃபார்ம், 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம். தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) மிகவும் தாழ்ந்தால் சர்க்கரைப் பிசினோ குவானிடின் உப்போ ஒட்டியிருக்கும். பிசின் என்றால் 0.25 மில்லி ஐசோபுரோபனாலோடு அதே அளவு அடர் உப்புக் கரைசல் சேர்த்து வீழ்படிவாக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

டி.என்.ஏவை வெட்டி அகற்றும் டி.என்.ஏஸ் நொதிப் படியை விட்டுவிடாதீர்கள். மனிதச் செல்லில் சுமார் 6 பிகோகிராம் டி.என்.ஏ, சில டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் 200-ஐத் தாண்டும், ஒரே மரபணு வரிசையாகப் பல பிரதிகளில் கிடக்கும். மீதமிருக்கும் துளி டி.என்.ஏவும் பி.சி.ஆரில் எம்.ஆர்.என்.ஏ போல வேடம் போடும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக (சி.டி.என்.ஏ) நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத குழாய் ஒன்று கூடவே ஓட வேண்டும்.

நம் பச்சை நாக்டிலுகாவுக்குள் புரோட்டோயூக்ளினா (முன்பு பெடினோமோனாஸ்) என்ற பாசி குடியிருக்கிறது. உணவாக விழுங்கிய டயாட்டம் என்ற நுண்பாசிகளும் இருக்கும். மொத்த ஆர்.என்.ஏவில் எது யாருடையது? டைனோஃபிளாஜெல்லேட் எம்.ஆர்.என்.ஏக்களின் தலையில் 22 எழுத்துள்ள ஒரே தொடர் ஒட்டப்பட்டிருக்கும். அதில் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ துண்டான பிரைமரைப் பயன்படுத்தினால் அவற்றை மட்டும் பொறுக்கலாம். ஆர்.என்.ஏ சிதைந்திருந்தால் அந்தத் தலைப்பகுதி சி.டி.என்.ஏவில் வராது.

பவளத்துக்குள் வாழும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்கும் இதே பிரைமர் உதவும். ஆனால் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. வனத்துறை அனுமதி கையில் வந்த பிறகுதான் படகைப் பேச வேண்டும்.