குறியீடு 94, குடிக்க லாயக்கில்லை: சேலத்து நிலத்தடி நீர்க் கணக்கு

சேலத்தில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரின் குணம் தெருவுக்குத் தெரு மாறும். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, கீழே சமவெளியில் பெரும்பாலும் நைஸ். இரண்டுமே கெட்டிப் பாறை என்பதால் ஆழத்தில் தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடும். கருப்பூர்ப் பக்கம் மாக்னசைட் என்ற மக்னீசியத் தாது வெட்டும் நிலத்தில் மக்னீசியம் தூக்கலாக இருந்தால் அது பாறையின் வேலை. திருமணிமுத்தாற்றங்கரைக் கிணற்றில் குளோரைடும் நைட்ரேட்டும் கைகோத்து ஏறினால் முதலில் சாக்கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இத்தனையையும் ஒற்றை எண்ணில் சொல்வதுதான் நீர்த்தரக் குறியீடு. ஹோர்டன் 1965இல் தொடங்கிவைத்த வழி இது. ஒவ்வொரு பொருளுக்கும் உடல்நலக் கேட்டைப் பொறுத்து 1 முதல் 5 வரை எடை தருவார்கள். அளந்த அளவை ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின் ஏற்கத்தக்க அளவால் வகுத்து, 100ஆல் பெருக்கி, மொத்த எடையில் அதற்குள்ள பங்கால் மறுபடி பெருக்கிக் கூட்டினால் குறியீடு. 50க்குக் கீழே மிக நன்று, 100 வரை நன்று, 200 வரை மோசம், 300 வரை மிக மோசம், அதற்கு மேல் குடிக்கவே ஆகாது என்பது வழக்கமான வகைப்பாடு.

ஒரு கற்பனைக் கிணற்றைப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்தப் பொருள்கள்) 400, நைட்ரேட் 90, ஃப்ளோரைடு 0.4, மக்னீசியம் 24, குளோரைடு 100. தர அளவுகள் அதே வரிசையில் 500, 45, 1, 30, 250. எடைகள் 4, 5, 5, 3, 3, மொத்தம் 20. கணக்கு 16 + 50 + 10 + 12 + 6 = 94 என்று வரும். அதாவது 'நன்று'! நைட்ரேட்டோ வரம்பைப் போல இரண்டு மடங்கு. வேறு தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தரம் தரும் தளர்வும் அதற்குக் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். அதனால் வரம்பு மீறிய பொருள் ஒன்று இருந்தாலும் குறியீட்டை ஒதுக்கிவிட்டு அந்தப் பொருளின் பெயரைச் சொல்வதே நேர்மை.

மாதிரி எடுப்பதிலேயே பாதிக் கணக்கு கெடும். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடிக்கக் கூடாது. மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மின்கடத்துதிறன் ஒரே அளவில் நின்றபின் பிடிக்க வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று தங்காமல் நிரப்ப வேண்டும். பி.எச். (அமில, கார அளவு) அங்கேயே பார்க்க வேண்டும். கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் அது ஏறிவிடும். ஆய்வக அறிக்கை நைட்ரேட்டை 'நைட்ரஜனாக' தந்திருந்தால் 4.43ஆல் பெருக்குங்கள். மறந்தால் 90 என்பது 20 ஆகிவிடும், கிணறு தப்பித்துக்கொள்ளும். நேர், எதிர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்கு மேல் முரண்பட்டால், வரைபடத்தைத் தொடுமுன் ஆய்வகத்தைக் கேளுங்கள்.

கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் குறியீட்டையும் ஊகித்து வரைபடம் போட, ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல்) மென்பொருளில் தொலைவு கூடக் கூட கிணற்றின் எடை குறையும் முறையே எளிது. தொலைவு மீட்டரில் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி: 78 பாகை தீர்க்கரேகை மாவட்டத்தின் நடுவே போகிறது. இடத்தை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். முறையில் மேட்டூரும் எடப்பாடியும் 43ஆம் மண்டலம், சேலம் நகரம் 44. எல்லாவற்றையும் 44இலேயே வையுங்கள். கலந்தால் கிணறுகள் எங்கோ போய் விழும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. இரண்டையும் ஒரே பரப்பில் இணைத்தால் மலைச்சரிவில் இல்லாத தண்ணீருக்கு நிறம் பூசியதாகும். மலையைத் தனியாக வெட்டிவிடுவதே சரி. வெடிப்புப் பாறையில் நூறு மீட்டர் தள்ளியுள்ள போரே வேறு தண்ணீர் தரலாம். எனவே கிணற்றுப் புள்ளிகள் இல்லாத வண்ண வரைபடத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கிணறாக விலக்கி, மற்றவற்றைக் கொண்டு அதன் அளவை ஊகித்து, பிழை எவ்வளவு என்று பார்ப்பது நல்ல சோதனை.

மழைக்கு முன் மே மாதமும், மழை முடிந்தபின் ஜனவரியும் தனித்தனியாக அளக்க வேண்டும். மழை எப்போதும் தண்ணீரை நீர்க்கச் செய்யும் என்பதில்லை. வயலில் போட்ட யூரியாவில் உருவான நைட்ரேட்டை அதுவே கீழே இறக்கவும் செய்யும். அந்த 94 கிணற்றுக்காரர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அதைத் தொடவே கூடாது, ஆர்.ஓ. அல்லது வேறு தண்ணீர்தான்.