தொட்டி நிறைய ஜிலேபி

தேவிபட்டினத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. பத்தடி நீளம், எட்டடி அகலம், தண்ணீர் இரண்டரை அடி நிற்கும். அடியில் ஒரு சாண் வண்டல். கொசு தொல்லைக்காக மச்சான் கண்மாயிலிருந்து ஐந்தாறு ஜிலேபி கெண்டை மீன் குஞ்சுகளைப் பிடித்துவந்து விட்டிருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, ஒரு பிடி தவிட்டைத் தூவினால் தொட்டியே கொதித்தது. எல்லாம் விரல் நீளம். ஒன்றுகூட உள்ளங்கை அகலத்துக்கு வளரவில்லை. "குழம்புக்கும் ஆகாது, தூக்கிக் கொட்டவும் மனசு வரல" என்றாள் அக்கா. கொசுவலைத் துணியால் வாரம் ஒரு வாளி அள்ளிக்கொண்டுதான் இருந்தார்களாம். குறையவே இல்லை.

ஏன் குறையவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தொட்டியில் எத்தனை மீன் இருக்கும் என்பதை நாம் விட்ட மீனின் கணக்கு தீர்மானிப்பதில்லை. தீனியும் இடமும் தீர்மானிக்கின்றன. ஒரு வாளி மீனை அள்ளினால், அது தின்றிருக்க வேண்டிய தீனி மிச்சமிருக்கும் மீனுக்குப் போகிறது. வயிறு நிறைந்த தாய் முட்டை அதிகம் இடும். மற்ற நாளில் பட்டினியிலும், பெரிய மீனின் வாயிலும் போயிருக்கக்கூடிய குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் தொட்டி பழையபடி ஆகிவிடும். அதாவது, அக்கா அள்ள அள்ள மிச்ச மீனுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜிலேபி கெண்டை நம்மூர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்து மீன். மொசாம்பிக் திலேப்பியா என்பது அதன் முழுப் பெயர். இந்தியாவுக்கு வந்தது 1952-ல். முதலில் வந்து இறங்கியதும் இதே கடற்கரையில், மண்டபத்துக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில்தான். ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்பது அன்றைய நினைப்பு. நல்ல நினைப்புதான். ஆனால் அது பெருகும் வேகத்தை யாரும் அவ்வளவாக யோசிக்கவில்லை.

இதன் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆண் மீன் வண்டலில் வாலாலும் வாயாலும் தட்டு மாதிரி ஒரு குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் அள்ளிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அதன் தொண்டைக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருக்கும். அந்த நாட்களில் அநேகமாக இரை எடுக்காது. குஞ்சு பொரித்து நீந்திய பிறகும், நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் மறுபடி அம்மா வாய்க்குள் ஓடும். அக்கா வலையில் அள்ளிய ஒரு மீனை நான் கையில் எடுத்தேன்; வாயைத் திறந்து, கடுகை உமிழ்வதுபோல் பத்து முப்பது குஞ்சுகளைத் துப்பியது. பாதி, வலைக்கண் வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிட்டது. தாயைப் பிடித்தாலும் பிள்ளை தப்பிவிடுகிறது.

மற்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு அதிர்ஷ்டத்தை நம்பும். இது கொஞ்சமாக இட்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் காப்பாற்றும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் மாதத்துக்கு ஒரு ஈடு. மலைப்பக்கம் என்றால் குளிர்காலத்தில் நிறுத்திக்கொள்ளும். ராமநாதபுரத்தில் அதற்குக் குளிர்காலம் ஏது?

சரி, ஏன் எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிட்டன? தீனி பற்றாத இடத்தில் இந்த மீன் வளர்வதை விட்டுவிட்டு, இனப்பெருக்கத்துக்குப் போய்விடுகிறது. பெரிய நீர்நிலையில் ஒரு சாணை நெருங்கிய பிறகு முட்டையிடுகிற மீன், நெருக்கடியான குட்டையில் எட்டு பத்து சென்டிமீட்டரிலேயே தாயாகிவிடும். நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ, இன்றைக்கே பெற்றுவிடுவோம் என்கிற கணக்கு. ஆகவே சின்ன மீன் என்று பார்த்துத் தண்ணீரில் திரும்ப விடுவதில் அர்த்தமே இல்லை. அதில் பாட்டிகளும் இருக்கும்.

அப்போ என்னதான் செய்வது? இராப்பகலாகக் குஞ்சுகளைத் தின்னும் ஒரு வாய் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் விரால். ஆனால் விரால் மழை நாளில் தொட்டியை விட்டுத் துள்ளி, ஈர மண்ணில் ஊர்ந்து போய்விடும். மேலே வலை கட்ட வேண்டும். சாதகமாக இருந்தால் அதுவும் அங்கேயே குஞ்சு பொரித்துவிடும். அக்கா வீட்டு ஆழ்குழாயில் வருவது உவர்த் தண்ணீர். அதற்கு என் ஓட்டு கொடுவாவுக்கு.

கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் நல்ல தண்ணீரிலும் வாழும். ஆனால் முட்டையிட அதற்குக் கடல் தண்ணீர் வேண்டும். தொட்டிக்குள் தின்னும், வளரும், பெருகாது. நமக்கு வேண்டியது அதுதான். மீன் கடையில் வாங்கிவர முடியாது, உயிர்க் குஞ்சாக வேண்டும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-ல் கொடுவாவைக் குஞ்சு பொரிப்பகத்தில் பொரிக்க வைத்தது. அதன் பிறகு வளர்ப்புக்குக் குஞ்சு கிடைப்பது சுலபமானது. கொண்டுவந்ததும் தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. வந்த தண்ணீரில் நம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உப்பின் வித்தியாசம் பழகிய பிறகே விட வேண்டும்.

கொடுவா விரட்டிப் பிடிப்பதைவிட உறிஞ்சிப் பிடிப்பதுதான் அதிகம். அசையாமல் நிற்கும், வாயைச் சட்டென்று திறக்கும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடத்துக்குத் தண்ணீரோடு சேர்ந்து இரையும் போய்விடும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட மீனைக்கூட விழுங்கும். அதனால்தான் ஒரே அளவுள்ள இரண்டு மூன்று கொடுவாக்களை விட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் தின்னப்படுவது தம்பி கொடுவாவாக இருக்கும். விடுவதற்கு முன் வலை போட்டு வளர்ந்த ஜிலேபிகளை முடிந்தவரை எடுத்துவிடுவது முக்கியம். வாய்க்குள் போகாத மீனை அது ஒன்றும் செய்யாது. அந்த மீன் அதன் கண் முன்னாலேயே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். தவிடு போடுவதையும் நிறுத்த வேண்டும். இதைச் சொன்னபோதுதான் அக்காவுக்கு முகம் வாடியது.

கப்பி மீன் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கல். அது குட்டியே போடும். ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்தும் வைத்திருக்கும். ஆண்களை எல்லாம் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எதற்கும் அடங்கவில்லை என்றால் தண்ணீரை இறைத்துவிட்டு, பங்குனி வெயிலில் வண்டல் வெடிக்கும்வரை காயவிடலாம். இறைக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு. அதிலுள்ள சபோனின் என்ற நச்சுப்பொருள் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இறாலுக்கு அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. இந்தக் கரையோர இறால் பண்ணைகளில் வேண்டாத மீனைக் கொல்லத் தேயிலை விதைப் புண்ணாக்குப் போடுவதும் இதே தத்துவம்தான். இலுப்பைப் புண்ணாக்கின் அளவு, லிட்டருக்கு 250 மில்லிகிராம். அக்கா தொட்டியில் சுமார் 5,650 லிட்டர், ஏறக்குறைய 1.4 கிலோ. ஊறவைத்துக் கரைத்து ஊற்ற வேண்டும். நஞ்சு முறிய இரண்டு மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே தண்ணீருக்கு உரம்.

பிடித்த மீனை என்ன செய்வது என்று மச்சான் கேட்டார். "கண்மாய்லேயே விட்டுரலாமா, அங்கேருந்துதானே வந்துச்சு?" வேண்டாம் என்றேன். கண்மாயில் ஏற்கெனவே இருப்பது போதும், ஊருணியில் இல்லாவிட்டால் இனியும் இருக்கக் கூடாது. ஒரு வாளியைத் தென்னைக் குழியில் போட்டு மண் தள்ளினோம். இன்னொன்றை ஓலைப்பாயில் காயவைத்துக் கோழிக்கு இடித்துப் போட்டாள் அக்கா. மூன்று கொடுவாக் குஞ்சுகள் இப்போது தொட்டியில் இருக்கின்றன. சாயங்காலம் தவறாமல் 'டப்' சத்தம் கேட்கிறதாம்.