இடைவெளிக்குப் பின் கராத்தே: எது முதலில் திரும்புகிறது, எது கடைசியில்?

கராத்தேயை விட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆன ஒருவரை ஹெயான் ஷோதான் என்ற தொடக்கநிலைக் கட்டாவை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடரை, செய்யச் சொல்லிப் பாருங்கள். 21 அசைவுகளில் பெரும்பகுதி தானாக வந்துவிடும். ஓரிரு திருப்பங்களில் தடுமாறுவார். மற்றபடி கையும் காலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

திரும்பத் திரும்பச் செய்து படிந்த அசைவுகளைச் சிறுமூளையும் மூளையின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளும் பல ஆண்டுகளுக்குக் காத்து வைக்கின்றன. ஆகவே மூளை பழைய வேகத்திலேயே கட்டளை அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் உடல்தான் பழைய உடலாக இல்லை. உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மீள்வதுமில்லை.

முதலில் குறைவது மூச்சு. பயிற்சியை நிறுத்திய ஒன்றிரண்டு வாரங்களுக்குள்ளேயே ரத்தத்தின் பிளாஸ்மா அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைவதால், அதே வேலைக்கு நாடி கூடுதலாக அடிக்கிறது. ஆனால் சீக்கிரம் திரும்புவதும் இதுதான். பயிற்சியைத் தொடர்ந்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். தசை வலு குறைவது மெதுவாகத்தான்; புதிதாகச் சேர்பவரைவிட முன்பு பழகியவருக்கு அது விரைவாகவே திரும்பும். பயிற்சியில் தசை இழைகள் பெற்ற கூடுதல் உட்கருக்கள், தசை மெலிந்த பிறகும் தங்கிவிடுவது எலிகளில் காணப்பட்டது. மனிதரிலும் அப்படித்தானா என்ற விவாதம் முடியவில்லை.

கடைசியில் வருவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். கொலாஜன் என்ற புரத இழைகளாலான இதற்கு ரத்த ஓட்டம் குறைவு, வளர்சிதை மாற்றமும் மந்தம். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐத் தடயமாக வைத்து ஆராய்ந்தபோது, குதிகால் நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, பிறகு பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. பளு ஏற்ற ஏற்ற நாண் விறைப்புக் கூடி வலுப்பெறும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதனால் எச்சரிக்கை அதிகம் தேவைப்படுவது முதல் வாரத்தில் அல்ல. மூச்சும் தசையும் நம்பிக்கையும் திரும்பி, நாண் மட்டும் பின்தங்கியிருக்கும் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை.

உதைகளில் இது எப்படிக் காயமாகிறது? மே கெரி என்ற முன்னுதையில் இடுப்பு மடங்கியபடி முழங்கால் நீள்கிறது. பின்தொடைத் தசை இரு முனைகளிலும் இழுபட்டுக்கொண்டே காலின் வேகத்தை அடக்க வேண்டும். நீளும்போது சுருங்கப் பாடுபடும் இந்த வேலைதான் தசையை அதிகம் நோகடிக்கும். வெறும் காற்றில் முழு வேகத்தில் உதைத்தால் வேகத்தை வாங்கிக்கொள்ள எதிரே இலக்கு கிடையாது; அடக்கத் தவறினால் அடி முழங்கால் மூட்டிலேயே விழும். பேடில் (அடி வாங்கும் மெத்தைத் திண்டு) உதைப்பதைவிடக் காற்றில் உதைப்பது பாதுகாப்பானது என்று பலரும் நினைப்பது முழு வேக உதைக்குப் பொருந்தாது. பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியில் ஆபத்து உதைக்காத காலில் இருக்கிறது. ஊன்றிய பாதம் குறைந்தது 90 பாகை வெளிப்பக்கம் சுழலாவிட்டால், இடுப்பின் திருகல் முழுவதும் அந்த முழங்காலுக்குப் போகும். வெறுங்காலில், ஒட்டும் விரிப்பில் நின்று உதைக்கும்போது இது இன்னும் மோசம். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் ஜென்குட்சு தாச்சி நிலையில் முன்முழங்கால் உட்புறமாகச் சரிவதை வயதாகிவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பக்கவாட்டு இடுப்புத் தசையின் தளர்ச்சிதான் காரணம். நிலையின் நீளத்தை ஒரு சாண் குறைத்தால் முழங்கால் நேராகும்.

முதல் இரண்டு வாரங்கள், வாரம் இரண்டு வகுப்பு, 40 நிமிடம் போதும். தொடக்கத்தில் 10 நிமிடம் காலை வீசுதல், இடுப்புச் சுழற்சி போன்ற அசைவுச் சூடேற்றம். அசையாமல் நீண்ட நேரம் பிடித்து இழுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். உதை இடுப்புயரத்துக்கு மேல் வேண்டாம். பாதி வேகத்தில் காலுக்குப் பத்து, மடக்கித் திரும்ப இறக்குவதில் கவனம். படிவிளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று நொடி எடுத்து இறக்குவதை 15 வீதம் மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். சலிப்பான பயிற்சிதான், ஆனாலும் இதை விடக்கூடாது. மூன்றாவது வாரம் பேடில் மென்மையாக அடிக்கத் தொடங்கலாம். மணிக்கட்டு நேராக, முதல் இரண்டு விரல்முட்டிகள் மட்டும் படும்படி. குமித்தே, அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சி, எட்டாவது வாரத்துக்கு முன் வேண்டாம். திடீர்ப் பாய்ச்சலும் துள்ளலும் குதிகால் நாணுக்கு மிகப் பெரிய சுமை. எதிராளியைப் பார்த்தால் பாதி வேகத்தில் யாரும் நிற்பதுமில்லை. இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதற்கெல்லாம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

வலியைப் பிரித்தறியப் பழக வேண்டும். தசை நோவு தொடை முழுக்கப் பரவி, ஒன்றிலிருந்து மூன்று நாளில் உச்சமடைந்து தானாக அடங்கும். அடுத்த முறை குறைவாகவே வரும். நாண் வலி ஒரே புள்ளியில் இருக்கும். காலையில் எழுந்ததும் விறைப்பாக இருந்து, நடந்தால் தணிந்து, வகுப்புக்கு மறுநாள் மீண்டும் தலைகாட்டும். அப்படியானால் துள்ளலையும் வேகத்தையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு, குதிகால் பயிற்சியை வலி பொறுக்கும் அளவில் தொடரலாம். குதிகாலுக்குப் பின்னால் யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து, அந்தக் காலின் விரல் நுனியில் எழும்பி நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.